பட்டை ஏத்தினா பலம் ஏறாது அண்ணாச்சி!



கொஞ்சம் காரமான பதிவு இது. பிக்கப் வண்டி வைத்துப் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்கள் புனேயில் நிறைய உண்டு. கேட்டரிங், இட்லி மாவு, பந்தல், லைட் செட், தண்ணீர் கேன் என்று ஆளுக்கொரு தொழில். வண்டி வாங்கிய கையோடு இவர்களில் பலர் போய் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஊரில் பட்டைக் கடை என்போம், இங்கே கமானி கடை. "பின்னாடி தொங்குது, ரெண்டு பட்டை ஏத்து" என்று சொன்னால் போதும், மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். வண்டியின் பின்புறம் எம்பிக்கொண்டு ஜம்மென்று நிற்கும். "இனிமே ரெண்டு டன் போட்டாலும் அசையாது" என்று கடைக்காரர் வாய்மொழியாக ஒரு சான்றிதழும் கொடுப்பார்.

அந்தச் சான்றிதழைக் கிழிக்கத்தான் இந்தப் பதிவு.

பட்டை ஏத்தினால் வண்டி தொங்காது. உண்மைதான். ஆனால் வண்டி சுமக்கக்கூடிய பாரம் அதனால் ஒரு கிலோகூடக் கூடாது. தொங்கல் என்பது வண்டி நம்மிடம் சொல்கிற புகார். ராத்திரி நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் தூங்கினால், திருடன் வராமல் இருந்துவிடுவானா?

சாக்கன் பக்கம் சஸ்பென்ஷன் பாகங்கள் வடிவமைக்கிற வேலை எனக்கு. பட்டையோடு பகை எதுவும் கிடையாது, அதுதான் சோறு போடுகிறது. ஊரில் அரிவாள் அடிக்கிறவர் லாரிப் பட்டையாகப் பார்த்துத் தேடி வாங்குவார், அப்படிப்பட்ட எஃகு. குறை பட்டையில் இல்லை, அதை நாம் புரிந்துகொண்ட விதத்தில்.

பட்டை என்ன செய்கிறது?

நீளமாக ஒரு தாய்ப்பட்டை. அதற்குக் கீழே படிப்படியாக நீளம் குறைகிற பட்டைகள். நடுவில் துளை போட்டு சென்டர் போல்ட், இரண்டு பக்கமும் யூ போல்ட் போட்டு அச்சோடு இறுக்கியிருப்பார்கள். பல பிக்கப்களில் அடியில் தடிமனாக ஒன்றோ இரண்டோ உதவிப் பட்டைகளும் இருக்கும். வண்டி காலியாக இருக்கும்போது அவற்றுக்கு வேலை கிடையாது. பாரம் ஏறி மேல் பட்டைகள் வளைந்து இறங்கிய பிறகுதான் அவை கை கொடுக்கும். காலி வண்டி துள்ளக் கூடாது, நிறைந்த வண்டி தரை தட்டக் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் நடுவில் செய்துகொண்ட சமாதானம் அது.

கடைக்காரர் இதில் இரண்டு பட்டையை நுழைக்கிறார். ஸ்பிரிங் விறைக்கிறது. அதே பாரத்துக்கு இப்போது குறைவாக அமுங்குகிறது. அவ்வளவுதான் நடந்தது. பாரம் எங்கேயும் போய்விடவில்லை. முன்பு பட்டை வழியாகப் போன அதே கிலோக்கள் இப்போதும் அதே அச்சு, அதே பேரிங், அதே டயர், அதே பிரேக் மீதுதான் உட்கார்ந்திருக்கின்றன. போதாததற்கு விறைத்த பட்டை குழியின் அடியை விழுங்காமல் நேராக சேஸிக்கு அனுப்புகிறது. பட்டையைத் தாங்கும் பிராக்கெட் இருக்கும் இடத்தில் சேஸியில் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்த வண்டிகளைப் போசரி பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் பார்க்கலாம்.

இனி இழுவைக்கு வருவோம். தினமும் ட்ரெய்லர் இழுக்கிறவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், கேட்டரிங் தொழில். மண்டபத்தில் கரண்டு போனால் மானம் போகும் என்று ஜெனரேட்டர் ட்ரெய்லரைத் தினமும் பிக்கப்பின் பின்னால் கட்டி இழுப்பார். வண்டிக்குள் அண்டா, கிரைண்டர், அடுப்பு, சிலிண்டர். "தம்பி, பின்னாடி ஒரேயடியா அமுங்குது. நாலு பட்டையப் போட்டா சோலி முடிஞ்சுது. இதுக்குப் போயி என்னத்துக்குக் கணக்கு போடுத?" என்றார்.

அண்ணாச்சி, கணக்கு போடாமல் நீங்கள் ஒரு சாம்பார்கூட வைப்பதில்லையே! :-)

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். முன்பாரம், பின்பாரம் என்பார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும், மாட்டுக்குப் பிடிமானம் போய்விடும். ட்ரெய்லரும் அதேதான். மாட்டுக் கழுத்தின் இடத்தில் உங்கள் வண்டியின் பின் கொக்கி.

இரண்டு சக்கர ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது பொதுவான விதி. குறைந்தால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி வாலாட்டும். 1,000 கிலோ ட்ரெய்லர் என்றால் கொக்கியில் 150 கிலோ வரை. "150 தானே?" என்று நினைக்காதீர்கள். கொக்கி பின் அச்சுக்கு நேராக இல்லை, அதையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் என்று வையுங்கள். ஏற்றப்பலகை மாதிரி, பின் அச்சில் ஏறுவது 210 கிலோ. முன் சக்கரத்திலிருந்து 60 கிலோ எடுபட்டுப் போகிறது. அதாவது ஸ்டியரிங் திருப்புகிற, பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கு வகிக்கிற முன் சக்கரங்கள் லேசாகின்றன.

பின்புறத்தைப் பட்டை போட்டுத் தூக்கினால் இந்த 60 கிலோ முன் சக்கரத்துக்குத் திரும்பி வந்துவிடுமா? வராது. பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்காது. நல்லதுதான். ஆனால் முன் டயர் ரோட்டை அழுத்துகிற அழுத்தம் ஏறக்குறைய பழையபடிதான் இருக்கும்.

பட்டைக் கடைக்காரரால் மாற்ற முடியாத சில விஷயங்களையும் பார்த்துவிடுவோம்.

டயர்: பக்கவாட்டில் ஒரு எண் அச்சாகியிருக்கும். 100 என்றால் அந்த டயர் தாங்குவது 800 கிலோ, 106 என்றால் 950 கிலோ, அதுவும் சரியான காற்றழுத்தத்தில். பின்னால் இரண்டு டயர், இரண்டும் 106 என்றால் பின் அச்சின் மேல் 1,900 கிலோவைத் தாண்டவே கூடாது. பத்துப் பட்டை போட்டாலும் அந்த எண் மாறாது.

அச்சு, பேரிங்: பாரம் ஏற ஏற பேரிங்கின் ஆயுள் அதைவிட வேகமாகக் குறையும். 10 சதவீதம் பாரம் கூடினால் 10 சதவீத ஆயுள் குறையும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

பிரேக்: இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியும் வால்வும் இருக்கும். பாரம் ஏறி சேஸி இறங்கினால், "ஓ, வண்டி நிறைந்திருக்கிறது" என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் பட்டை ஏத்திவிட்டீர்கள். பாரம் ஏறியும் சேஸி இறங்கவில்லை. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைக்கும். நிறை பாரத்தோடு, பின்னால் ட்ரெய்லரும் தள்ளிக்கொண்டு வர, பின் பிரேக் அரை மனதோடு பிடிக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் இந்த வேலையை ஏபிஎஸ் பார்த்துக்கொள்கிறது. ஆனால் நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் பழைய வண்டிதானே?

யூ போல்ட்: பட்டைக் கட்டு தடித்ததும் பழைய யூ போல்ட்டின் மரை போதாமல் போகும். கடைசி இரண்டு மரையில் நட்டை நிறுத்தி அனுப்புகிறவர்கள் உண்டு. அது தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுபடும். அறுபட்டால் அச்சு ஒரு பக்கம் நகரும். ஓடுகிற வண்டியில் பின் அச்சு தன் இஷ்டத்துக்கு நகர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காத்ரஜ் புதுச் சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம் வரைக்கும் மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலை சரிந்துகொண்டே வருவது புனேக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 2022 நவம்பர் 20 அன்று இரவு அங்கே ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து மோதியதில் ஏராளமான வாகனங்கள் சேதமாயின. அது பெரிய வண்டி, நம்முடையது சின்னது. ஆனால் சரிவு எல்லோருக்கும் ஒன்றுதான்.

1,000 கிலோ கூடுதல் பாரம் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற்ற வேண்டிய சக்தி சுமார் 9.8 லட்சம் ஜூல். அண்ணாச்சி பாஷையில், 3 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. கியரைக் குறைத்து இறங்கினால் இதில் ஒரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் ஏறக்குறைய மொத்தமும் பிரேக் லைனிங் தலையில்தான். இது கூடுதல் பாரத்துக்கான சூடு மட்டும், வண்டியின் சொந்த எடைக்கான சூடு தனி. நான் பார்த்த ஜெனரேட்டர் ட்ரெய்லர்களில் பலவற்றுக்குச் சொந்தமாக பிரேக் கிடையாது. அவை இழுக்கப்படுவதில்லை, இறக்கத்தில் உங்களைத் தள்ளுகின்றன.

இனி வழக்கமான கேள்விகள்.

"கரும்பு சீசன்ல டிராக்டர் ரெண்டு ட்ரெய்லரைக் கட்டி இழுக்குதே?" இழுக்கிறது, மெதுவாக. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் இயக்க ஆற்றல், அதே வண்டி 20-இல் போவதைவிட 9 மடங்கு. இழுக்கிற திறமை வேறு, நிறுத்துகிற திறமை வேறு. எஞ்சின் இழுக்கிறது என்பதற்காக பிரேக்கும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

"கம்பெனிக்காரனே அதே வண்டியை 1.3 டன், 1.7 டன்னு ரெண்டா விக்கறானே, பட்டைதானே வித்தியாசம்?" பட்டை மட்டும் என்று யார் சொன்னது? எடைத் தகுதியைக் கூட்டி விற்க வேண்டுமானால் பிரேக் முதற்கொண்டு சோதனைக்கு உட்படுத்தி வகை ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தச் சோதனை செய்கிற அமைப்புகளில் ஒன்றான ஏஆர்ஏஐ இதே புனேயில்தான் 1966 முதல் இருக்கிறது. கமானி கடையில் அந்தச் சோதனை நடப்பதில்லை, டீ மட்டும்தான் நடக்கிறது.

"அரசாங்கமே 2018-ல பாரத்தைக் கூட்டிடுச்சே?" கூட்டியது. நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 ஆனது. அது பெரிய லாரிகளின் கதை. உங்கள் பிக்கப்பின் வரம்பு அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது உங்கள் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடை.

"எல்லாரும் போடறாங்க." 2005-இல் டாடா ஏஸ் வந்ததும் நம்மூரில் குட்டி யானை என்றோம், இங்கே சோட்டா ஹாத்தி. முக்கால் டன் சுமக்கிற வண்டிக்கு யானை என்று பெயர் வைத்ததே வினை என்று எனக்குத் தோன்றும். பெயருக்கு ஏற்ற மாதிரி ஏற்ற ஆரம்பித்துவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையை மீறி வண்டியோ ட்ரெய்லரோ ஓட்டக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் அதிக பாரத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக்கி, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 என்று வைத்தது. சில மாநிலங்கள் பணம் வாங்கிக்கொண்டு அதிக பாரத்துக்கு அட்டை கொடுத்து வந்ததையும் உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்ற 52-ஆம் பிரிவை 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இரண்டு பட்டை ஏத்துவது அந்த "மாற்றம்" ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனால் அந்த வாதம் நடக்கப்போவது விபத்துக்குப் பிறகு, உங்கள் செலவில்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் எடை மேடை. வேலைக்குப் போகிற கோலத்தில், ஆள், டீசல், பாத்திரம் எல்லாவற்றோடும் ட்ரெய்லரைக் கட்டியபடி ஏற்றுங்கள். பிக்கப்பின் நான்கு சக்கரம் மட்டும், பின் சக்கரங்கள் மட்டும், ட்ரெய்லர் மட்டும் என்று மூன்று சீட்டு வாங்குங்கள். ஆர்.சி.யோடும் டயர் எண்ணோடும் ஒப்பிடுங்கள்.

2. வரம்புக்குள் இருந்தும் தொங்குகிறதா? பட்டை களைத்துவிட்டது. புதிய அசல் கட்டையே போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து, புது யூ போல்ட்டோடு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்குங்கள். பிரேக் வால்வையும் கையேட்டின்படி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

3. தினமும் இழுக்கிற பாரமே வரம்புக்குள் ஆனால் விளிம்பில் என்றால், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட உதவி ஸ்பிரிங் இருக்கிறதா என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். "இருக்கிறது" என்ற பதிலோடுகூட மொத்த எடை மாறாது என்பது நினைவிருக்கட்டும்.

4. ட்ரெய்லரில் முன்பாரம், பின்பாரம் பாருங்கள். ஜெனரேட்டரை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். வண்டிக்குள் கனமான சாமான்களை கேபினை ஒட்டி அடுக்குங்கள், பின் கதவோரம் வேண்டாம்.

5. ட்ரெய்லருக்குத் தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக், பாதுகாப்புச் சங்கிலி, பின் விளக்கு, தனிப் பதிவு. பட்டைக்குச் செலவழிக்க வைத்திருந்த பணம் முதலில் இங்கே போகட்டும்.

6. வரம்பைத் தாண்டினால் ஒரே மருந்துதான்: பெரிய வண்டி, அல்லது இரண்டாவது ட்ரிப்.

அண்ணாச்சியை எடை மேடைக்கு அழைத்துப் போனேன். ஆர்.சி.யில் இருந்ததைவிட 400 கிலோவுக்கு மேல் அதிகம். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டாவது ட்ரிப்புக்கு யாரு தம்பி காசு குடுப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பதிவில் நான் சண்டை போடுவதும் அந்த இடத்தில்தான். ஒரு இலைக்கு இவ்வளவு என்று பேரம் பேசிப் பேசி விலையை அடிக்கிறோமே, நம்ம வீட்டுக் கல்யாணம், நம்ம சங்கத்துப் பொங்கல் விழா, அங்கே குறைக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு பிக்கப்பின் பின் அச்சில் கிலோவாகப் போய் உட்காருகிறது. ரெண்டாவது ட்ரிப்பின் காசைக் கொடுக்க வேண்டியது நாம்தான். கேட்டரிங்காரர்களும் அதை விலைப் பட்டியலில் வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

ஏனென்றால் அந்த வண்டியில் அண்ணாச்சி போவதில்லை. முதலாளி ஸ்கூட்டரில் முன்னால் போய்விடுகிறார். அண்டாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில், பாரத்தின் மேல் குந்திக்கொண்டு வருவது பரிமாறுகிற பையன்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், சில பேருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிச் செல்லப்படுகிற பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏதாவது ஆனால் ஊரில் இருக்கிற அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? பட்டைக் கடைக்காரரா?

பையன்களை பஸ்ஸில் அனுப்புங்கள். வண்டியை எடை போடுங்கள். தொங்குகிற வண்டியைப் பார்த்து யாராவது சிரித்தால், அது பொய் சொல்லாத வண்டி என்று சொல்லுங்கள்.

டிஸ்கி: அண்ணாச்சி இப்போது அண்டா, சிலிண்டருக்குத் தனி டெம்போ பிடிக்கிறார். ஜெனரேட்டர் மட்டும் பிக்கப்பில். இலைக்கு விலையும் கொஞ்சம் கூட்டிவிட்டார். அடுத்த விசேஷத்துக்கு அவரிடம் பேரம் பேசுகிறவர்கள், தயவுசெய்து என் பெயரைச் சொல்லிப் பேசாதீர்கள் :-)